வன்னிப் பிள்ளைக்குப் பல்கலைக்கழக இடம்: மாவட்ட ஒதுக்கீடும் 5 சதவீதச் சிறப்பு ஒதுக்கீடும்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சு ஒன்று உண்டு: "நாங்கள் பின்தங்கிய மாவட்டம்தானே, குறைஞ்ச இசட் புள்ளிக்கே கம்பஸ் வரும்." இசட் புள்ளி என்பது பல்கலைக்கழகத் தெரிவுக்குப் பார்க்கப்படும் புள்ளி; அது வருவது எப்படி என்று கீழே சொல்கிறோம். அந்தப் பேச்சில் பாதி உண்மை. மற்றப் பாதியை நம்பி விண்ணப்பத்தை அசட்டையாக நிரப்பியும், பாடத்தெரிவில் கவனம் விட்டும் இடத்தை இழக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் இந்தச் சலுகை என்ன, எவ்வளவு, யாருக்கு, எந்த இடத்தில் கைநழுவும் என்று அடியிலிருந்து பார்ப்போம். உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கும், பிள்ளைக்கு வழிசொல்ல வேண்டிய அம்மா அப்பாவுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு விடயம். பல்கலைக்கழகத் தெரிவில் "வன்னி மாவட்டம்" என்று ஒரு மாவட்டம் கிடையாது. அது தேர்தல் மாவட்டம். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மூன்றும் அதற்குள் வரும், கிளிநொச்சியோ யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் இருக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்ப்பது 25 நிருவாக மாவட்டங்களை. அந்தக் கணக்கில் வன்னி என்பது கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று நான்கு தனி மாவட்டங்கள். நான்குக்கும் தனித்தனி இடங்கள், தனித்தனி வெட்டுப்புள்ளிகள் (கடைசியாக எடுபட்டவரின் இசட் புள்ளிகள்).

இடங்கள் பிரிக்கப்படும் விதம்

அரச பல்கலைக்கழகங்களின் பெரும்பாலான பாடநெறிகளுக்கு இடங்கள் மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன. 40 சதவீதம் வரை அகில இலங்கைத் திறமை அடிப்படையில். இதில் மாவட்டம் பார்ப்பதில்லை. நாடு முழுவதும் ஒரே வரிசை, மேலிருந்து எடுப்பார்கள். அடுத்த 55 சதவீதம் வரை 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி. எஞ்சிய 5 சதவீதம்தான் கல்வியில் பின்தங்கியவை என்று அடையாளம் காணப்பட்ட 16 மாவட்டங்களுக்கான சிறப்பு ஒதுக்கீடு. அதுவும் அந்த 16க்குள் சனத்தொகை விகிதப்படியே பிரிகிறது.

வடக்கின் ஐந்து மாவட்டங்களும் கிழக்கின் மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. கூடவே நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி, அம்பாந்தோட்டை, புத்தளம், அனுராதபுரம், பொலன்னறுவை. இந்த 5 சதவீதத்துக்குள் கிளிநொச்சிப் பிள்ளையோடு இரத்தினபுரிக்கும் அனுராதபுரத்துக்கும் பங்கு இருக்கிறது என்பதை மனதில் வையுங்கள். கீழே கணக்குப் போடும்போது இது முக்கியமாகும்.

இந்தப் பிரிப்பு எல்லாப் பாடநெறிக்கும் பொருந்தாது. சிலவற்றுக்கு அகில இலங்கை வரிசை மட்டுமே. எது எந்த வகை என்பதை ஆணைக்குழு ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் கைந்நூல் சொல்லும். தமிழிலும் வருகிறது. பக்கம் அதிகம்தான், ஆனால் மூன்று நாள் ஒதுக்கி வாசிக்கத் தகுந்த புத்தகம் அது.

இதன் பின்னால் கசப்பான வரலாறு ஒன்றும் இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் (எந்த மொழியில் பரீட்சை எழுதினார் என்பதைப் பார்த்துத் தெரிவுப் புள்ளியை மாற்றுவது) வந்தது, 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. தமிழ் மாணவருக்கு, முக்கியமாக யாழ்ப்பாண மாணவருக்கு, அது இழைத்த காயம் எல்லாருக்கும் தெரிந்தது. மொழிவாரித் தரப்படுத்தல் அநீதி. அதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் மாவட்ட ஒதுக்கீட்டை வன்னியிலிருந்து பார்க்கும்போது வேறொன்றும் தெரிகிறது. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல், கிளிநொச்சி 1984இல். அதற்கு முன்னர் கிளிநொச்சிப் பகுதி யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது. அதாவது அக்கராயனில் விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல் படித்த பிள்ளையும் யாழ் நகரத்துப் பெரிய கல்லூரியில் படித்த பிள்ளையும் மாவட்ட அளவிலும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. வரிசை பிரிந்தது வன்னிக்கு நன்மை.

உண்மையில் எத்தனை இடம்?

1000 இடமுள்ள ஒரு பாடநெறியை எடுத்துக்கொள்வோம். 400 திறமைக்கு, 550 மாவட்டங்களுக்கு, 50 சிறப்பு ஒதுக்கீட்டுக்கு.

2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் சனத்தொகை ஏறத்தாழ 203 இலட்சம். வவுனியாவில் சுமார் 1,72,000 பேர், கிளிநொச்சியில் 1,13,000, மன்னாரில் 99,000, முல்லைத்தீவில் 92,000. கிளிநொச்சியின் பங்கு நாட்டில் 0.56 சதவீதம். 550இல் 0.56 சதவீதம் என்றால் 3 இடம். இதே முறையில் முல்லைத்தீவுக்கு 2.5, மன்னாருக்கு 2.7, வவுனியாவுக்கு 4.6 என்று வரும்.

இனிச் சிறப்பு ஒதுக்கீடு. 16 மாவட்டங்களின் மொத்தச் சனத்தொகை அதே மதிப்பீட்டின்படி சுமார் 83 இலட்சம். அதில் கிளிநொச்சி 1.4 சதவீதம். 50 இடத்தில் அது 0.7. முல்லைத்தீவுக்கு 0.55, மன்னாருக்கு 0.6, வவுனியாவுக்கு 1.

கூட்டிப் பாருங்கள். 1000 இடமுள்ள பாடநெறியில் வன்னியின் நான்கு மாவட்டத்துக்கும் மாவட்ட ஒதுக்கீட்டால் வருவது 13 இடமளவு. சிறப்பு ஒதுக்கீடு அதோடு சேர்ப்பது ஏறக்குறைய 3. ஊரில் "பின்தங்கிய மாவட்டச் சலுகை" என்று பெரிதாகப் பேசப்படுவது, நான்கு மாவட்டங்களுக்கும் சேர்த்து ஆயிரத்துக்கு மூன்று இடம். 100 இடமே உள்ள சிறிய பாடநெறி என்றால் முல்லைத்தீவின் பங்கு, இரண்டு ஒதுக்கீட்டையும் சேர்த்தும், கணக்குப்படி 0.3. முழு இடமாக ஆக்கும்போது ஆணைக்குழு தன் விதிப்படி செய்யும். இங்கே நாங்கள் காட்டுவது அளவை மட்டும்.

இந்தக் கணக்குக்குள் ஒரு கொடுமையும் ஒளிந்திருக்கிறது. பங்கு சனத்தொகையைப் பொறுத்தது. 2012 மதிப்பீடு நடந்தது அந்த ஆண்டு மார்ச்சில். போரில் இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக்பாம் முகாம் மூடப்பட்டதோ செப்டெம்பரில். மீள்குடியேற்றம் முடியாத, போரில் பெருந்தொகையானோரை இழந்த, இன்னும் எத்தனையோ பேர் கடல் கடந்துவிட்ட ஒரு நிலத்தில் தலை எண்ணினார்கள். சனம் குறைந்தால் இடமும் குறையும். எந்தப் பேரழிவு கல்வியைப் பின்தள்ளியதோ, அதே பேரழிவு ஒதுக்கீட்டின் அளவையும் சிறிதாக்கியது. 2024 இறுதியில் புதிய மதிப்பீட்டுக்கான கணக்கெடுப்பு நடந்தது. மாவட்டப் பங்குகள் எந்த மதிப்பீட்டின்மேல் கணக்கிடப்படுகின்றன என்பதைப் பாடசாலைகளும் பெற்றோர் சங்கங்களும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொன்று: திறமை அடிப்படையில் எடுபடுகிற வன்னிப் பிள்ளை மாவட்டத்தின் பங்கைத் தின்பதில்லை. முதலில் அகில இலங்கை வரிசை நிரப்பப்படும். அதில் எடுபட்டவர்களை விட்டு, எஞ்சியவர்களிலிருந்துதான் மாவட்ட இடங்கள். ஆகவே ஒரு பாடசாலை தன் முதல் மாணவரை அகில இலங்கை வரிசைக்கு உயர்த்தினால் பின்னால் நிற்கிற ஒருவருக்கு மாவட்ட இடம் திறக்கிறது. வன்னிக்கான இடங்களைக் கூட்ட உள்ளூரில் செய்யக்கூடிய வழி இது ஒன்றுதான்.

யாருக்குப் பொருந்தும்

சலுகை மாவட்டத்துக்கு, தனி ஆளுக்கு அல்ல. வறுமை, தாய் தகப்பன் இல்லாமை, இடப்பெயர்வு எதுவும் இதில் பார்க்கப்படுவதில்லை. கிளிநொச்சி நகரில் வசதியாக இருக்கும் வர்த்தகரின் பிள்ளைக்கும், பூநகரியில் கூலிவேலை செய்பவரின் பிள்ளைக்கும் இந்த விடயத்தில் ஒரே நிலை. கொழும்புச் சேரிக் குடியிருப்பில் எவ்வளவு கஷ்டப்பட்டாலும் அந்தப் பிள்ளைக்கு இது இல்லை. வேறு சில நாடுகளில் குடும்ப வருமானம், பாடசாலையின் நிலை, நோய், பராமரிப்புப் பொறுப்பு என்று ஒவ்வொருவரின் இடரையும் எடுத்துப் பார்த்து இடம் கொடுக்கிற முறைகள் உண்டு. இங்கே இருப்பது பருமட்டான முறை. வன்னிக்குள்ளேயே நெடுங்கேணிக்கும் வவுனியா நகரத்துக்கும் இடையில் இருக்கிற தூரத்தை அது காணாது. அது குறை என்றே நாங்கள் நினைக்கிறோம்.

குடும்ப வருமானம் கணக்கில் வருவது மகாபொல புலமைப்பரிசிலிலும் உதவிப்பணத்திலும்தான். அது இடம் கிடைத்த பிறகு படிப்பதற்கான பணம்; இடத்தைத் தருவதற்கான வழி அல்ல.

இதற்கென்று தனி விண்ணப்பமும் இல்லை. "பின்தங்கிய மாவட்ட ஃபோம்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். மாவட்டம் சரியாகப் பதிவானால் மூன்று வரிசையிலும் உங்கள் பெயர் தானாகவே பார்க்கப்படும்.

ஆனால் அடிப்படைத் தகைமையில் எந்தத் தளர்வும் கிடையாது. மூன்று பாடங்களிலும் ஒரே அமர்வில் குறைந்தது எஸ் சித்தி (ஆகக் குறைந்த சித்தி), பொதுச் சாதாரணப் பரீட்சையில் (உயர்தரத்தோடு எல்லாரும் எழுதும் பொது வினாத்தாள்) குறைந்தது 30 புள்ளி. மூன்று தடவைக்குள். இந்தப் பொதுச் சாதாரணப் பரீட்சையை அலட்சியமாக எடுத்து, நல்ல இசட் புள்ளியோடு வெளியே நிற்பவர்களைப் போல மனவருத்தம் தருவது வேறில்லை. அதற்கு ரியூசன் தேவையில்லை. கடந்தகால வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்தாலே போதும்.

இசட் புள்ளி வருவது எப்படி

2001 முதல் தெரிவு இசட் புள்ளியின்படி நடக்கிறது. ஒரு பாடம் இலகுவாகவும் இன்னொன்று கடினமாகவும் வந்துவிட்டால் வெறும் புள்ளியைக் கூட்டிப் பார்ப்பது நியாயமில்லை. அதனால் ஒவ்வொரு பாடத்திலும் நீங்கள் நாட்டின் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்று பார்க்கிறார்கள். உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் (எல்லாருடைய புள்ளிகளும் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்து நிற்கின்றன என்பதன் அளவு) பிரிப்பார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. பௌதிகவியல் சராசரி 40, நியம விலகல் 15, உங்களுக்கு 58. வித்தியாசம் 18, 15ஆல் பிரித்தால் 1.2. இரசாயனவியல் சராசரி 45, விலகல் 12, உங்களுக்கு 54. அது 0.75. உயிரியல் சராசரி 50, விலகல் 10, உங்களுக்கு 65. அது 1.5. மூன்றையும் கூட்டினால் 3.45, மூன்றால் பிரித்தால் 1.15. பெறுபேற்றில் 1.1500 என்று நான்கு தசமத்தோடு வரும்.

இங்கே கவனிக்க வேண்டியது: உயிரியலில் எடுத்த 65, பௌதிகத்தில் எடுத்த 58 என்ற வித்தியாசத்தை விட, சராசரியும் நியம விலகலும் எங்கே நிற்கின்றன என்பதுதான் பேசுகிறது. எல்லாருடைய புள்ளிகளும் சராசரிக்கு அருகில் நெருங்கி நிற்கிற பாடத்தில் சற்று மேலே நின்றால் அது பெரிதாகத் தூக்கும். ஒரு பாடத்தில் சராசரிக்குக் கீழே போனால் அந்தப் பாடத்தின் புள்ளி மறையாகி மற்ற இரண்டையும் இழுத்து விழுத்தும். "மூன்றாவது பாடத்தில் எஸ் எடுத்தால் போதும்" என்ற எண்ணம் ஆபத்தானது என்பது இதனால்தான். இன்னும் ஒன்று, ஏ, பி, சி தரங்கள் இந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை. 3ஏ எடுத்த இருவரின் இசட் புள்ளிகள் வெகுதூரம் வேறுபடலாம்.

எந்த மாவட்டம் உங்கள் மாவட்டம்?

வன்னியில் அதிகம் சிக்கல் வருகிற இடம் இது. பரீட்சை எழுதிய நிலையம் எங்கே இருந்தது என்பது பொருட்டல்ல. பரீட்சைக்கு முந்தைய ஆண்டுகளில் எந்த மாவட்டத்துப் பாடசாலைகளில் படித்தீர்கள், நிரந்தர வதிவிடம் எங்கே என்பவைதான் பார்க்கப்படும். வெளிமாவட்டத்துப் பிள்ளைகளைக் கடைசி நேரத்தில் வன்னிப் பாடசாலையில் பதிந்து இங்குள்ள இடத்தைப் பிடிப்பதைத் தடுக்கவே இந்த விதி. நல்ல விதி. ஆனால் அதே விதி எங்கள் பிள்ளைகளையும் தொடும்.

எப்படி? உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் 1ஏபி பாடசாலைகளில்தான் இருக்கின்றன. 1சி பாடசாலையில் கலையும் வர்த்தகமும் மட்டும். ஒட்டுசுட்டானிலோ மாந்தையிலோ இருக்கிற பிள்ளை விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டால், பக்கத்தில் 1ஏபி இல்லை, இருந்தாலும் பௌதிகத்துக்கு ஆசிரியர் இல்லை. வீட்டார் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ அனுப்புகிறார்கள். ரியூசனுக்காக அங்கே போய்த் தங்குவது வேறு, விடுகைப் பத்திரம் எடுத்துப் பாடசாலையையே மாற்றுவது வேறு. இரண்டாவதைச் செய்தால் மாவட்டக் கேள்வி எழும். யாழ்ப்பாணமும் அந்த 16இல் ஒன்றுதான், ஆனால் அங்கே வரிசையில் நிற்பவர்கள் அதிகம், போட்டியும் கடுமை. விடுகைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்னரே கைந்நூலில் மாவட்டத்தை நிர்ணயிக்கும் பந்தியை, அதிலுள்ள கால வரையறைகளோடு, அதிபரையும் வைத்துக்கொண்டு வாசியுங்கள். பரீட்சைக்குப் பிறகு இதைத் திருத்த முடியாது.

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம். மாங்குளம் ஏ9 வீதியில் கிளிநொச்சியைப் பார்த்தபடி இருந்தாலும் முல்லைத்தீவு மாவட்டம். அங்கிருந்து பேருந்தில் கிளிநொச்சிப் பாடசாலைக்குப் போகிற பிள்ளைக்கு வதிவிடம் ஒரு மாவட்டம், பாடசாலை இன்னொரு மாவட்டம். இப்படியானவர்கள் விண்ணப்பத்தில் ஊகத்தில் எழுதாமல், விதியைப் பார்த்து, இரண்டுக்கும் சான்று எடுத்து வைத்திருக்க வேண்டும்.

சான்று என்பது பாடசாலை வரவுப் பதிவும் விடுகைப் பத்திரமும், கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழ், வாக்காளர் இடாப்புப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை. இடப்பெயர்வில் தொலைத்தவர்கள் பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். இதைப் பெறுபேறு வந்தபின் தேடத் தொடங்காதீர்கள். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது, அப்போதே ஒரு கோப்பில் சேர்த்துவிடுங்கள். பெயரின் எழுத்துக்களையும் பாருங்கள். அடையாள அட்டையில் ஒரு முதலெழுத்து, பரீட்சைப் பெறுபேற்றில் வேறு, பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இன்னொரு விதம் என்று இருந்தால் அதைச் சரிசெய்ய வாரங்கள் எடுக்கும்.

வெட்டுப்புள்ளியை வாசிக்கும் விதம்

ஒவ்வோர் ஆண்டும் மாவட்டவாரியாக வெளிவரும் வெட்டுப்புள்ளி என்பது, அந்தப் பாடநெறிக்கு அந்த மாவட்டத்திலிருந்து கடைசியாக எடுபட்டவரின் இசட் புள்ளி. யாரும் முன்கூட்டி வைத்த எல்லை அல்ல அது.

பெரிய மாவட்டத்தில் நூறு பேர் எடுபட்டால் வெட்டுப்புள்ளி ஆண்டுக்காண்டு பெரிதாக அசையாது. முல்லைத்தீவில் மூன்று பேர்தான் எடுபடுகிறார்கள் என்றால் வெட்டுப்புள்ளி என்பது அந்த மூன்றாவது பிள்ளையின் புள்ளி. இந்த ஆண்டு கெட்டிக்காரர் ஐந்து பேர் வந்தால் சட்டென்று ஏறும். அடுத்த ஆண்டு ஒருவரே வந்தால் விழும். சிறிய மாவட்டங்களின் நிரலில் சில பாடநெறிகளுக்கு நேரே இலக்கத்துக்குப் பதிலாக "என்கியூசி" (NQC) என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். தகுதியுள்ள விண்ணப்பதாரர் இல்லை என்பது அதன் கருத்து. இடம் இருந்தது, கேட்க ஆள் இல்லை. அந்தக் கட்டங்களைப் பார்க்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

ஆகவே போன ஆண்டு வெட்டுப்புள்ளி 1.3, எனக்கு 1.2 என்பதற்காக அந்தப் பாடநெறியை விண்ணப்பத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள். வன்னி மாவட்டங்களில் போன ஆண்டின் எண் இந்த ஆண்டைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும். வேண்டுமானால் நான்கைந்து ஆண்டுகளை அருகருகே வைத்து எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று பாருங்கள்.

விண்ணப்பம்

பெறுபேறு வந்த பின்னர் ஆணைக்குழு கைந்நூலை வெளியிட்டு இணையவழி விண்ணப்பத்தைத் திறக்கும். ஒவ்வொரு பாடநெறியும் அது நடக்கிற பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு யுனிகோட். மொரட்டுவையில் பொறியியல் ஒரு யுனிகோட், கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இன்னொன்று. இவற்றை விருப்ப ஒழுங்கில் எழுத வேண்டும்.

ஒழுங்கு என்பது உண்மையான விருப்பத்தின் ஒழுங்கு. கிடைக்கக்கூடியதை முதலில், கிடைக்காததைப் பின்னால் என்று எழுதக்கூடாது. மேலிருந்து பார்த்து, உங்கள் புள்ளிக்கு எட்டுகிற முதலாவதைத் தருவார்கள். எட்டாத ஒன்றை உச்சியில் எழுதியதால் எந்த நட்டமும் இல்லை. கிடைக்கக்கூடியதை உச்சியில் எழுதினால் அதற்குக் கீழே எழுதிய நல்லது கைவிட்டுப் போகும்.

இன்னொரு பெரிய இழப்பு, யுனிகோட்டுகளைச் சுருக்கமாக எழுதுவது. முல்லைத்தீவுப் பிள்ளை ஒன்று மருத்துவத்துக்கு யாழ்ப்பாணத்தின் யுனிகோட்டை மட்டும் எழுதுகிறது என்று வையுங்கள். மருத்துவத்துக்கு அதன் புள்ளி போதும். ஆனால் யாழ்ப்பாண இடங்கள் கூடிய புள்ளிக்காரரால் நிரம்பிவிடுகின்றன. வேறு மருத்துவ பீடத்தை எழுதாததால் மருத்துவமே போய்விடும். பெண்பிள்ளைகளை வவுனியா, யாழ்ப்பாணத்துக்கு அப்பால் அனுப்பப் பயந்து வீட்டார் இப்படி எழுதச் சொல்வது வழமை. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு, குறைசொல்ல வரவில்லை. ஆனால் அந்த முடிவின் விலை என்ன என்பதை விண்ணப்பம் நிரப்பும்போதே பிள்ளையோடு இருந்து பேசுங்கள். பேராதனையிலும் மட்டக்களப்பிலும் படிக்கிற எங்களூர்ப் பிள்ளைகள் இருப்பார்கள்; அவர்களிடம் விடுதி பற்றிக் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

சில பாடநெறிகளுக்கு உளச்சார்பு அல்லது செயல்முறைப் பரீட்சை உண்டு: கட்டடக்கலை, சங்கீதம், நடனம் போன்றவை. அதற்குப் பல்கலைக்கழகம் தனியாக அறிவித்தல் விடும், தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆணைக்குழு விண்ணப்பத்தில் யுனிகோட்டை எழுதிவிட்டு இந்தப் பரீட்சைக்கு விண்ணப்பிக்காவிட்டால் அந்த யுனிகோட் செல்லாது. சில பாடநெறிகள் சாதாரண தரத்தில் ஆங்கிலத்திலோ கணிதத்திலோ குறிப்பிட்ட சித்தியைக் கேட்கும். அதையும் முன்னரே பார்த்துவிடுங்கள்.

பாடத்தெரிவு இதற்கும் முந்தியது. தரம் 12இல் பௌதிக ஆசிரியர் இல்லை என்பதற்காகப் பௌதிகவியலுக்குப் பதில் விவசாய விஞ்ஞானம் எடுக்கிற பிள்ளைகள் உண்டு. விவசாய பீடம் உட்படப் பல வழிகள் அதில் திறந்தே இருக்கும். ஆனால் மருத்துவம் மூடிவிடும், அதற்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். எந்த மாவட்டச் சலுகையும் அந்தக் கதவைப் பிறகு திறக்காது.

விண்ணப்பத்தில் கொடுக்கிற தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும். நகரத்துக் கணினி நிலையத்தில் நிரப்பும்போது கடைக்காரரின் மின்னஞ்சலைப் போட்டுவிட்டால் பின்னால் வரும் செய்தி யாருக்கோ போகும். கடவுச்சொல்லை எழுதி வீட்டில் வையுங்கள். அனுப்பிய விண்ணப்பத்தின் அச்சுப் பிரதியும் உங்களிடம் இருக்க வேண்டும்.

இடம் கிடைத்தால், கிடைக்காவிட்டால்

தெரிவானவர்கள் குறித்த திகதிக்குள் இணையவழியில் கட்டணம் செலுத்திப் பதிய வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும். இப்படிப் பதியாமல் விட்ட இடங்கள் வெற்றிட நிரப்பலில் கொடுக்கப்படுகின்றன. மயிரிழையில் தவறியவர்கள் முதற் பட்டியலோடு மனம் விடக்கூடாது; அந்த அறிவித்தல் வரும்வரை தொலைபேசி இலக்கத்தை மாற்றாதீர்கள்.

புள்ளியில் சந்தேகம் இருந்தால் மீளாய்வுக்கு விண்ணப்பியுங்கள். மூன்று இடத்துக்குப் போட்டியிடும் மாவட்டத்தில் இரண்டு புள்ளி கூடினாலும் வரிசை மாறலாம்.

கிடைத்ததை எடுப்பதா, மறுபடி எழுதுவதா என்பது கடினமான கேள்வி. பல்கலைக்கழகத்தில் பதிவுசெய்தவரின் பெயர் பின்னைய ஆண்டின் தெரிவில் கருத்தில் கொள்ளப்படாது. விலக்குகள் இருந்தால் கைந்நூலில் இருக்கும். முதல் தடவையில் ஒரு பாடம் மட்டும் சறுக்கி, அதற்குக் காரணமும் தெளிவாகத் தெரிந்தால் மறுபடி எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது. மூன்று பாடமும் ஒரே அளவில் நின்றால், ஆசிரியர் இல்லாத அதே பாடசாலையிலிருந்து இன்னொரு தடவை எழுதுவது பெரும்பாலும் பெரிய மாற்றத்தைத் தராது. அப்போது கிடைத்த பாடநெறியை எடுப்பதே நல்லது என்பது எங்கள் எண்ணம்.

போரில் பார்வையையோ அவயவத்தையோ இழந்தவர்களும், பிறப்பிலேயே மாற்றுத்திறனோடு இருப்பவர்களும் வன்னியில் பலர். அவர்களுக்கு மாவட்ட ஒதுக்கீட்டுக்கு வெளியே தனிச் சிறப்பு ஏற்பாடு இருக்கிறது. மேலே சொன்னவற்றைப் போல் அது தானாக நடக்காது. கைந்நூலில் அதற்கென்றுள்ள பகுதியைப் பார்த்து, மருத்துவச் சான்றுகளோடு கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சையிலும் மேலதிக நேரம், எழுதித்தர உதவியாளர் போன்றவற்றைப் பாடசாலை ஊடாகப் பரீட்சைத் திணைக்களத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். மருத்துவச் சான்று எடுக்க நாள் பிடிக்கும் என்பதால், பிள்ளை தரம் 12இல் சேர்ந்த உடனேயே வகுப்பாசிரியர் இதைத் தொடங்கிவிடுவது நல்லது.